எட்டு மணிக்கு முன் பத்துப் பேர்

நான் ஒலிபரப்பில் பேசும்போது யாரும் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. அமெச்சூர் வானொலி வைத்திருக்கும் என் நண்பருக்கோ, பதில் வந்தால்தான் கணக்கு.

‘பார்க்ஸ் ஆன் தி ஏர்’ என்ற விருதுத் திட்டத்திற்காக அவர் பூங்கா பூங்காவாகப் போகிறார். ஒரு பூங்காவிலிருந்து ஒரே நாளில் பத்துத் தொடர்புகள் வேண்டும். அந்த நாள் அனைத்துலக நேரப்படி. நமக்குக் காலை 8 மணிக்கே தேதி மாறிவிடும்! ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பது பேரோடு நின்றால், எட்டுக்குப் பிறகு மறுபடி ஒன்றிலிருந்துதான். வேடிக்கை என்னவென்றால், அந்த ஒன்பது பேருக்கும் நம் பூங்கா கணக்கில் சேரும், நமக்குத்தான் சேராது.

சரி, எட்டுக்குப் பிறகே தொடங்கலாமே? மதியம் இடி இடித்தால் ஆண்டெனாவை இறக்கியாக வேண்டும்.

ஆண்டெனா என்றால் பயப்படாதீர்கள். 20 மீட்டர் அலைக்கு ஐந்தைந்து மீட்டரில் இரண்டு கம்பிகள், நடுவே கேபிள், தூக்கி நிறுத்த ஒரு தூண்டில் கோல். எல்லாம் முதுகுப்பையில் அடங்கும்.

நூறு ‘நாடுகளை’ப் பிடித்தால் டிஎக்ஸ்சிசி விருது. அதில் மேற்கு மலேசியா ஒன்று, சபாவும் சரவாக்கும் சேர்ந்து இன்னொன்று. கோலாலம்பூர்க்காரருக்குக் கோத்தா கினபாலுவும் வெளிநாடுதான்!

அக்டோபர் கடைசி வாரயிறுதியில் 48 மணி நேர உலகப் போட்டி. நண்பர் இப்போதே விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.