அணுக்கரு வினைகளும் எலெக்ட்ரான் திரையும்

சூரியனின் மையத்தில் வெப்பநிலை சுமார் 1.5 கோடி டிகிரி ஆகும். அவ்வளவு வெப்பத்திலும் ஒரு புரோட்டானின் சராசரிச் சக்தி ஏறத்தாழ 2,000 எலெக்ட்ரான்-வோல்ட்டே. இரு புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்தடையோ சில லட்சம் எலெக்ட்ரான்-வோல்ட்டு உயரமுடையது. தாண்ட இயலாத இத்தடையைத் துகள்கள் அரிதாக ஊடுருவிச் செல்லக்கூடும் என்பதைக் குவாண்டம் கொள்கை காட்டிற்று. சூரியன் ஒளிர்வது இதனாலேயே.

இவ்வினைகளின் வீதத்தை ஆராய்ச்சிச் சாலையில் அளக்கும்போது ஓர் இடையூறு நேர்கிறது. அங்கே இலக்காக அமைவது வெற்று அணுக்கருவன்று. எலெக்ட்ரான்கள் சூழ்ந்த அணுவாகும். அவற்றின் எதிர்மின்னூட்டம் கருவின் நேர்மின்னூட்டத்தைத் திரைபோல் மறைக்கிறது. ஆதலின் விலக்குவிசை சற்றுக் குறைந்து, பாய்ந்து வரும் துகளுக்குச் சிறிது சக்தி கூடியதுபோன்ற விளைவு உண்டாகிறது.

இவ்வுதவி அற்பமானதெனத் தோன்றலாம். ஹீலியம்-3 அணுவின்மீது டியூட்டிரான் மோதும் வினையை எடுத்துக்கொள்வோம். 2001-ஆம் ஆண்டு வெளியான அளவீட்டின்படி அங்குத் திரையின் உதவி சுமார் 219 எலெக்ட்ரான்-வோல்ட்டு. மோதும் சக்தி ஒரு லட்சமாயின், வினைவீதம் நூற்றுக்கு ஒன்றுகூட உயர்வதில்லை. அது 10,000 ஆகக் குறையின், வீதம் கால் பங்கு உயர்கிறது. 5,000 ஆயின், ஏறத்தாழ இருமடங்காகிறது. ஊடுருவும் வாய்ப்பு சக்தியைப் பொறுத்து மிக விரைவாக மாறுவதே காரணம்.

சூரியனில் நிலைமை வேறு. அங்கு எலெக்ட்ரான்கள் அணுக்களினின்றும் பிரிந்து தனித்துத் திரிகின்றன. அவற்றின் திரைவிளைவை 1954-ஆம் ஆண்டில் ஸால்பீட்டர் கணக்கிட்டார். இரு புரோட்டான்கள் இணையும் வினையை அது நூற்றுக்கு ஐந்து அளவே உயர்த்துகிறது. ஆகவே ஆராய்ச்சிச் சாலை அளவினின்றும் அணுவின் திரையை நீக்கி, வெற்றுக் கருவின் அளவைப் பெற்று, அதன்பின் சூரியனின் திரையைச் சேர்த்தல் வேண்டும்.

நீக்க வேண்டிய அளவு எவ்வளவு என்பதிலேதான் சிக்கல். மேற்கூறிய வினையில் கொள்கை அனுமதிக்கும் உச்ச அளவு சுமார் 120 எலெக்ட்ரான்-வோல்ட்டே. இரு டியூட்டிரான்கள் மோதும் வினையில், வாயு இலக்கில் 25 அளவான உதவி, டாண்டலம் உலோகத்தினுள் சுமார் 300 ஆக உயர்வதும் கண்டறியப்பட்டுள்ளது. இம்மிகைக்கு யாவரும் ஏற்கும் விளக்கம் இன்றும் கிட்டவில்லை. அது கிட்டும்வரை, விண்மீன்களின் உட்புறத்தைப்பற்றிய நம் கணக்குகளில், மிகக் குறைந்த சக்தியில் பெற்ற அளவுகளை எச்சரிக்கையுடனேயே கையாளுதல் வேண்டும்.