மற்போரில் ஒரு பாடம்

கராத்தே பயிலும் மாணாக்கன் ஒருவன், மணிக்கட்டில் கட்டுடன் பேசாலைக் கடற்கரையில் என்னைக் கண்டான். "ஐயா, எதிரி என்னைக் கட்டிப் பிடித்ததும் கற்றதெல்லாம் பயனற்றுப் போயிற்று, கை ஊன்றி விழுந்தேன். இனி நான் துணையாகக் கற்கவேண்டியது மல்யுத்தமா, ஜூடோவா?" என்றான்.

தமிழாசிரியனிடம் கேட்கும் வினாவா இது? ஆம், புறநானூறு அறிந்தோர் வியவார். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருததைச் சாத்தந்தையார் 80ஆம் பாட்டிற் பாடினார். ஒரு கால் மல்லன் மார்பில் ஊன்றியது. மறு கால் அவன் உபாயத்தை விலக்கி முதுகை வளைத்தது. அதன் பின்னரே அடி விழுந்தது. பிடியும் அடியும் பிரியாதவை.

குத்துக்கு இடைவெளி வேண்டும். இடைவெளி அற்றவிடத்துப் பிடியே துணை. 1882இல் ஜிகோரோ கானோ நிறுவிய ஜூடோவிலோ, தொடக்கப் பாடம் ஊறின்றி வீழ்தல். கை ஊன்றாது, புயத்தால் தரையை அறைந்து, உடலை உருட்டி விழவேண்டும்.

"தம்பி, கரைவலை இழுத்த கைக்குப் பிடிவலி உண்டு, உனக்குக் குறைவது வீழும் கலை. ஆதலின் ஜூடோவைத் தேர்க" என்றேன்.

"விழவா கற்பது?" என்று நகைத்தான்.

"விழ அறிந்தவனே அஞ்சாது நெருங்குவான்."

நகைப்பு அடங்கிற்று. கட்டவிழ்ந்ததும் இம்மணலிலேயே தொடங்குவதாகச் சொல்லிச் சென்றான்.