சொல்லும் அளவும்: மின்னணுக் கட்டுப்பாட்டில் படிநிலை அளவையியல்

தோற்றுவாய்

'இன்று வெப்பம் மிகுதி' என்று ஒருவர் கூறின், கேட்போர் அதன் பொருளை உடனே உணர்வர். எத்தனை பாகையிலிருந்து வெப்பம் தொடங்குகின்றது என வினவுவார் இலர். வினவினும் விடை கூறல் அரிது. 29 பாகை செல்சியசு வெப்பமாயின், 28.9 பாகை யாது? இங்ஙனம் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே செல்வோமாயின், 'இதுகாறும் வெப்பம். இனி வெப்பமன்று' என்று எவ்விடத்தும் கோடு கிழிக்க இயலாது. நெடுமை, குறுமை, அண்மை, சேய்மை, இளமை, முதுமை என்பனவும் அவ்வினத்துச் சொற்களே. எல்லை வரையறுக்கப்படாத இச்சொற்களை மொழியின் குறை எனக் கருதிய அறிஞர் பலர். ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தகைய சொற்களே பொறிகளை ஆளும் கருவிகளாயின. அது நிகழ்ந்த வகையையும், அதன்கண் மொழி ஆராய்வோர் கருதத்தக்கது யாது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கும்.

பெயரும் பெயர்ப்பிழையும்

பாக்கு நகரில் 1921-இல் பிறந்து, அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர் லோட்பி சாடே. அவர் 1965-இல் 'ஃபஸ்ஸி செட்ஸ்' என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டார். 'ஃபஸ்ஸி லாஜிக்' எனப்படும் துறைக்கு அதுவே வித்து. 'ஃபஸ்' என்னும் ஆங்கிலச் சொல், கம்பளி போன்றவற்றின் மேல் எழுந்து நிற்கும் மெல்லிய பிசிரைக் குறிக்கும். பிசிர் உடைய துணியின் விளிம்பு எங்கே முடிகின்றது என்று அறுதியிட்டுக் கூற முடியாதன்றோ? அவ்வாறே விளிம்பு மழுங்கிய தொகுதிகளைச் சாடே அப்பெயரால் குறித்தார்.

இதனைத் 'தெளிவற்ற தருக்கம்' எனப் பெயர்த்தால் பொருள் பிறழும். தெளிவின்மை தருக்கத்தின்கண் இல்லை. தருக்கம் ஆராயும் சொல்லின் எல்லையிலேயே உளது. எல்லையற்ற சொல்லைப் பற்றி எல்லையுடைய கணக்குச் செய்வதே இத்துறையின் தொழில். தமது அளவையியல் தெளிவற்றது அன்று எனச் சாடேயே பிற்காலத்தில் விளக்க நேர்ந்தது. ஆதலின், ஒரு சொல் ஒரு பொருளுக்குப் படிப்படியாகப் பொருந்தி வரும் இயல்பு நோக்கிப் 'படிநிலை அளவையியல்' என்னும் பெயர் இக்கட்டுரையில் ஆளப்படுகின்றது.

பொருத்த அளவும் ஐயமும்

வழக்கமான அளவையில் ஒரு கூற்று மெய்யாகும், அல்லது பொய்யாகும். முன்னதற்கு 1, பின்னதற்கு 0. சாடே இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எண்கள் அனைத்திற்கும் இடம் தந்தார். 29 பாகைக்கு 'வெப்பம்' என்னும் சொல் 0.6 அளவு பொருந்தும் என்றும், 31 பாகைக்கு முழுதும் பொருந்தும் என்றும் கொள்ளலாம். இவ்வெண்ணை ஈண்டுப் பொருத்த அளவு என்போம்.

இது நிகழ்தகவு அன்று, ஐயமும் அன்று. தொலைவில் நிற்பது மரக்கட்டையோ மகனோ என்று ஐயுறுதலை நம் இலக்கண உரைகள் எடுத்துக்காட்டாகக் கூறும். அங்கே நிற்பது அவ்விரண்டனுள் ஒன்றே. அருகிற் சென்றால் ஐயம் நீங்கும். ஆனால் 29 பாகையை எத்துணை நுட்பமான கருவி கொண்டு அளப்பினும், அது வெப்பமா அன்றா என்னும் வினா நீங்காது. குறை அறிவின்கண் இல்லை. சொல்லின் இயல்பே அத்தகையது. இவ்வேறுபாட்டை உணராதார் இத்துறையைப் பிழைபட உணர்வர்.

பொறியின் உள்ளே நிகழ்வது

சலவைப்பொறி, காற்றாடி, குளிர்சாதனம், ஊர்தி முதலியவற்றுள் சிறு கணிப்பொறிச் சில்லு ஒன்று பொதிந்து வைக்கப்பட்டிருக்கும். அதனை மைக்ரோகன்ட்ரோலர் என்பர். உணர்கருவி தரும் எண்ணைப் பெற்று, இயக்கும் உறுப்புக்கு மற்றோர் எண்ணை விடுத்தலே அதன் பணி. படிநிலை அளவையியலைக் கையாளும்போது அப்பணி மூன்று படிகளாக நிகழும்.

ஒரு மின்விசிறியைக் கொண்டு இதனை விளக்கலாம். 'இதம்' என்னும் சொல் 26 பாகையில் முழுதும் பொருந்தி, 31 பாகையில் பொருத்தம் அறவே அற்றுப்போகும் என வகுத்துக்கொள்வோம். 'வெப்பம்' என்னும் சொல் 26 பாகையில் பொருத்தமின்றித் தொடங்கி, 31 பாகையில் முழுதும் பொருந்தும் என்க. விதிகள் இரண்டு: இதமாயின் மெல்லச் சுழல்க, வெப்பமாயின் விரைந்து சுழல்க. மெல்ல என்பது நிமிடத்திற்கு 200 சுற்று; விரைவு என்பது 350 சுற்று.

அறையின் வெப்பநிலை 29 பாகை என்று வைத்துக்கொள்வோம். முதற்படியில் எண் சொல்லாகின்றது: இதம் 0.4, வெப்பம் 0.6. இரண்டாம் படியில் விதிகள் செயற்படுகின்றன. ஒரு விதி மட்டும் வென்று மற்றது தோற்பதில்லை; இரண்டும் தத்தம் பொருத்த அளவிற்கு ஏற்ப ஒருங்கே செயற்படும். மூன்றாம் படியில் சொல் மீண்டும் எண்ணாகின்றது. 0.4-ஐ 200-ஆலும் 0.6-ஐ 350-ஆலும் பெருக்கிக் கூட்டின் 290 வரும். விசிறி நிமிடத்திற்கு 290 முறை சுழலும். வெப்பநிலை சிறிது ஏறின் வேகமும் சிறிதே ஏறும். எல்லை வரையறுத்த விதியாயின், கோட்டைக் கடந்தவுடன் 200 சுற்றிலிருந்து 350 சுற்றுக்குத் தாவும். கோட்டின் அருகே வெப்பநிலை ஏறியிறங்கும் போதெல்லாம் பொறி தடுமாறும்.

விதியில் 'வெப்பமும் புழுக்கமும் உளவாயின்' என உம்மை வருமாயின், இரு பொருத்த அளவுகளுள் சிறியதைக் கொள்வது பெருவழக்கு. 'அல்லது' என வருமாயின் பெரியதைக் கொள்வர். சில்லில் இக்கணக்கு முழு எண்களால் நிகழ்வதும் உண்டு. மோட்டோரோலா நிறுவனத்தின் 68எச்சி12 என்னும் சில்லில் பொருத்த அளவு 0 முதல் 255 வரையிலான எண்ணாகக் குறிக்கப்பெறும். அதன்படி நம் 0.6 என்பது 153 ஆகும், 0.4 என்பது 102 ஆகும். மேற்கூறிய மூன்று படிகளுக்கும் உரிய தனிக் கட்டளைகள் அச்சில்லின் கட்டளைத் தொகுதியிலேயே இடம்பெற்றுள்ளன.

தொழிலாளர் சொல் விதியானமை

சாடேயின் கருத்தை முதன்முதல் பொறியில் ஏற்றியவர் இலண்டன் குயின் மேரி கல்லூரியின் இப்ராகீம் மம்தானி ஆவார். அவர் தம் மாணவர் அசிலியனுடன் சேர்ந்து ஆய்வகத்துச் சிறு நீராவிப் பொறி ஒன்றை இவ்வகை விதிகளால் இயக்கினார். அம்முயற்சி 1974, 1975 ஆண்டுகளில் கட்டுரைகளாக வெளிவந்தது. அழுத்தம் வேண்டிய அளவிலிருந்து எத்துணை விலகியது, அவ்விலகல் கூடுகின்றதா குறைகின்றதா என்பவற்றைப் 'பெரிது', 'நடுத்தரம்', 'சிறிது' என்னும் சொற்களால் அவ்விதிகள் குறித்தன.

அடுத்து, 1980-ஐ ஒட்டி டென்மார்க்கின் எஃப்.எல். சிமித் நிறுவனம் சிமெண்டுச் சூளையை இம்முறையால் இயக்கியது. சூளையின் உள்நிகழ்ச்சிகளைச் சமன்பாட்டில் அடக்குதல் அரிது. ஆயினும் பழகிய தொழிலாளர் அதனைச் செவ்வனே நடத்தினர். ஆதலின் சூளைப் பணியாளர்க்கென எழுதப்பட்ட நூலில் கண்ட விதிகளே அடிப்படையாகக் கொள்ளப்பட்டன. கணிதம் எட்டாத இடத்தில் தொழிலாளரின் சொல் எட்டியது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

1987-இல் சப்பான் நாட்டுச் செந்தாய் நகரில் தொடங்கிய நிலத்தடி இரயில், இட்டாச்சி நிறுவனத்தார் இவ்வழியில் வகுத்த கட்டுப்பாட்டால் ஓடியது. பயணிகளின் சுகம், நிற்கவேண்டிய இடத்தில் பிசகாது நிற்றல், மின்சாரச் சிக்கனம் ஆகியவற்றை ஒருங்கே சீர்தூக்கி அது வண்டியைச் செலுத்தியது. 1990-இல் மத்சுசித்தா நிறுவனம் இம்முறை அமைந்த சலவைப்பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அழுக்கு நீரின் ஊடே ஒளி எத்துணைச் செல்கின்றது என்பதைக் கொண்டு துவைக்கும் காலத்தை அறுதியிடுவது அவ்வகைப் பொறிகளின் இயல்பு. அக்காலத்தே 'ஃபஸ்ஸி' என்பது சப்பானியர் அன்றாட வழக்கில் பயின்ற சொல்லாயிற்று.

அடைமொழியின் அளவு

தமிழாராய்ச்சியாளர்க்கு மிகவும் உரிய பகுதி இதுவே. 'வெப்பம்' என்பதற்கு ஓர் அளவு உண்டெனின், 'மிக வெப்பம்' என்பதற்கு யாது அளவு? பொருத்த அளவைத் தன்னாலேயே பெருக்குக என்றார் சாடே. 0.6 வெப்பமாகிய 29 பாகை, 'மிக வெப்பம்' என்னும் தொடருக்கு 0.36 அளவே பொருந்தும். 'ஏறக்குறைய வெப்பம்' என்பதற்கு வர்க்கமூலம் காணல் வேண்டும். அது ஏறத்தாழ 0.77 ஆகும். அமெரிக்க மொழியியலார் சார்ச் லேக்காஃப் 1973-இல் வெளியிட்ட கட்டுரையில் இத்தகைய சொற்களை மொழியியல் நோக்கில் விரிவாக ஆராய்ந்தார்.

சாடேயின் விதி எளிது, ஆயின் குறையுடையது. வெப்பம் 1 எனின், மிக வெப்பமும் 1 ஆகிவிடும். வெப்பம் என்பதை ஐயமற ஏற்கும் ஒருவர், மிக வெப்பம் என்பதை மறுத்தல் உலக வழக்கில் உண்டன்றோ? ஆகவே இவ்விதி ஒரு வசதியேயன்றி மொழியியற் சட்டம் அன்று.

உறு, தவ, நனி என்பன மிகுதி உணர்த்தும் என்பது தொல்காப்பிய உரியியல் கூறும் செய்தி. நன்னூல் அவற்றொடு சால, கூர், கழி என்பவற்றையும் சேர்த்து ஆறாக்கியது. நம் முன்னோர் இக்கணிதத்தை அறிந்திருந்தனர் என்பது இதன் கருத்தன்று. அவ்வாறு கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. மிகுதி உணர்த்தும் சொற்களைத் தனியே தொகுத்தல் இலக்கணத்தார் பணி. அம்மிகுதியை அளவிடுதல் கட்டுப்பாட்டுப் பொறியியலார் தேவை. இன்றைத் தமிழர் வழக்கில் 'மிக', 'சற்று', 'ஓரளவு', 'ஏறத்தாழ' என்பன எத்துணை ஏற்றியும் இறக்கியும் உணர்த்துகின்றன என்பதைப் பேசுவோரிடமே கேட்டு ஆராய்தல் கூடும். அது மொழித்துறையின் வேலையே.

வரம்புகள்

இம்முறை எல்லாவற்றிற்கும் மருந்தன்று. உள்ளீடுகள் பெருகின் விதிகள் பன்மடங்காகும். ஒவ்வோர் உள்ளீட்டிற்கும் ஐந்து சொற்கள் எனின், இரண்டு உள்ளீடுகளுக்கு 25 விதிகள், மூன்றிற்கு 125, நான்கிற்கு 625. சமன்பாட்டால் எளிதில் விளக்கத்தக்க பொறிகட்குப் பழைய கட்டுப்பாட்டு முறைகளே போதும். இம்முறையால் ஆளப்படும் பொறி எந்நிலையிலும் நிலைகுலையாது என நிறுவுதலும் எளிதன்று. வணிக விளம்பரத்தில் இப்பெயர் தகுதிக்கு மேற் புகழப்பட்டதும் உண்டு.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஒன்று பெறப்படும். சொல்லின் எல்லையின்மை குறையன்று. பட்டறிவைச் சுருக்கமாகப் பிறர்க்கு உணர்த்தும் ஆற்றலுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அச்சொல் பொறியை இயக்கத் தொடங்கின், வெப்பம் 26 பாகையில் தொடங்குமா 28 பாகையில் தொடங்குமா என்பதை யாரேனும் ஒருவர் அறுதியிட்டே ஆகவேண்டும். விசிறியில் அம்முடிவு பிழைத்தால் சிறிது வியர்க்கும். இரயிலின் தடையில் பிழைத்தால் உயிர்க்கே ஊறாம். பொறி தானாக அம்முடிவைச் செய்வதில்லை. மக்கள் சொல்லுக்குத் தந்த பொருளையே அது செயற்படுத்துகின்றது. ஆதலின், சொற்பொருளை ஆராய்வோர் இத்துறையை அயலார் துறை என ஒதுக்குதல் தகாது. சொல்லின் பொருளை அளந்து உரைக்கும் பொறுப்பில் அவர்க்கும் பங்கு உண்டு.