கொலஸ்ட்ரால் மாத்திரையோடு ஒரு ‘இயற்கை’ கேப்சூல்

அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரைகள் சாப்பிடும் பலர், ஆன்லைனில் வாங்கிய ‘ஹார்ட் கேர்’ கேப்சூலைப் பற்றி டாக்டரிடம் வாய் திறப்பதே இல்லை. அது மருந்தில்லை, சத்து மாத்திரைதானே என்ற நினைப்பு. ஆபத்தே அங்குதான் இருக்கிறது.

ரெட் ஈஸ்ட் ரைஸ் என்ற பெயரில் விற்கும் கேப்சூலையே எடுத்துக்கொள்வோம். அரிசியில் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து, நொதிக்க வைத்துத் தயாரிப்பது. அதிலுள்ள மோனகோலின் கே, 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டின் மருந்தேதான். வேதியியலில் இரண்டும் ஒன்று. ஏற்கெனவே ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர் இதையும் விழுங்கினால், ஒரே வகை மருந்தை இரட்டிப்பாக எடுப்பதாகிவிடும். அளவும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். தசை சிதைந்து, சிறுநீரகம் வரை பாதிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் மோனகோலினை நாளுக்கு 3 மில்லிகிராமுக்குள் கட்டுப்படுத்தியது. கொலஸ்ட்ரால் மருந்து சாப்பிடுவோர் தொடக்கூடாது என்று லேபிளிலேயே அச்சிடச் சொன்னது.

குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். மஞ்சள் சாரத்தோடு மிளகின் பைப்பரினைச் சேர்த்து, உடம்பில் அதிகம் ஏறும்படி செய்த கேப்சூல்கள் வேறு. அவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை ரெட் ஈஸ்ட் ரைஸுக்கு நேர்மாறு: அடோர்வாஸ்டாட்டினின் வேலையையே குறைத்துவிடும்.

இத்தனை ஆபத்துக்குப் பலனாவது உண்டா? அமெரிக்காவில் 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 5 மில்லிகிராம் ரோசுவாஸ்டாட்டின் 28 நாளில் கெட்ட கொலஸ்ட்ராலைச் சுமார் 38 சதவீதம் குறைத்தது. மீன் எண்ணெய், பூண்டு, மஞ்சள், இலவங்கப்பட்டை, ரெட் ஈஸ்ட் ரைஸ், தாவர ஸ்டெரால் ஆகிய ஆறும் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. காசு கொடுத்து வாங்கத் தகுந்த பொருளாக இவை எனக்குத் தெரியவில்லை.

அப்படியும் வாங்குவதானால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகமும் இருக்க வேண்டும். ‘கொலஸ்ட்ராலைக் குணமாக்கும், மாத்திரையை நிறுத்திவிடலாம்’ என்று விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். உணவுப் பொருள் பற்றிப் பொய் விளம்பரம் செய்தால், உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

தொடை, தோள் தசைகளில் காரணமில்லாத வலி, கருத்த சிறுநீர், கண்ணில் மஞ்சள் தெரிந்தால் கேப்சூலை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். ஸ்டாட்டினை நிறுத்துவதா என்பதை அவர் சொல்லட்டும். பக்கவிளைவை 1800-180-3024 என்ற எண்ணில் நீங்களே பதிவு செய்யலாம். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக் கட்டணமே கிடையாது. பில்லையும் டப்பாவையும் மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.