கடாரத்து மன்னன் கட்டிய பெரும்பள்ளி

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் பெர்ஹாலாவில் ஒரு மகா விகாரை இருக்கிறது. இலங்கையிலிருந்து வந்த சிங்களப் பௌத்தர்கள் நிறுவியது. அதன் வரலாறு 1894-இல் தொடங்குகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது அதைக் கடந்து போவேன். தமிழர்களுக்கும் விகாரைக்கும் என்ன தொடர்பு என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

கடந்த பருவத்தில் பல்கலைக்கழகத்தில் ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. தேடியபோது கிடைத்தது நாகப்பட்டினம் சூடாமணி விகாரம். என் கொள்ளுத் தாத்தா நாகப்பட்டினத்தில்தான் கப்பல் ஏறி, இன்றைய கிள்ளான் துறைமுகத்தில் வந்து இறங்கினார். அதே கடல்வழியில், அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, இந்தப் பக்கத்திலிருந்து ஒரு மன்னனின் ஆட்கள் அங்கே போய் ஒரு பௌத்த மடம் எழுப்பியிருக்கிறார்கள்!

அந்த மன்னன் ஸ்ரீ மாறவிஜயோத்துங்கவர்மன். ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்டவன். கடாரம் என்பது நம் கெடாதான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரில் அவன் எழுப்பிய விகாரத்துக்கு, சிவபக்தனான ராஜராஜ சோழன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், ஆனைமங்கலம் என்ற கிராமத்தின் வருவாயை வழங்கினான். சுமார் 97 வேலி நிலம். ஆண்டுக்கு 8,943 கலத்துக்கும் மேல் நெல். துறவிகளின் அன்றாடச் செலவுக்கு வயலே துணை நின்றது. கிராமத்தின் எல்லையை உறுதிசெய்ய ஒரு பெண் யானையை நடக்கவிட்டு, அது சுற்றி வந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டார்கள்.

இவ்வளவும் 21 செப்பேடுகளில் பதிவாகியுள்ளன. ஐந்து வடமொழியில், பதினாறு தமிழில். மொத்த எடை சுமார் 30 கிலோ. பின்னாளில் இவை ஹாலந்து நாட்டின் லெய்டன் நகருக்குப் போனதால் 'லெய்டன் செப்பேடுகள்' என்றும் பெயர் பெற்றன.

1025-இல் ராஜேந்திர சோழன் கடாரத்தின் மீது படையெடுத்தான். ஆனாலும் விகாரம் அழியவில்லை. 1090-இல் கடாரத்துத் தூதர்கள் கேட்டுக்கொண்டதால் முதலாம் குலோத்துங்கன் அதன் வரிச்சலுகையை மீண்டும் உறுதிசெய்தான். அந்த ஆவணம் விகாரத்தைப் 'பெரும்பள்ளி' என்கிறது. பௌத்த, சமணத் துறவிகள் தங்கும் இடத்துக்கு அன்று 'பள்ளி' என்று பெயர். நாம் படித்த தமிழ்ப்பள்ளியின் 'பள்ளி'யும் அதே சொல்தான்.

கட்டடம் எப்படி இருந்தது? 1846-இல் நாகப்பட்டினம் சென்ற சர் வால்டர் எலியட் எழுதிவைத்த குறிப்பும் ஒரு படமும் கொஞ்சம் சொல்கின்றன. அப்போது மிஞ்சியிருந்தது ஒரு கோபுரம் மட்டும். நாற்சதுர வடிவம், மூன்று நிலைகள். சாந்து பூசாமல் நெருக்கி அடுக்கிய செங்கல். நிலைகளுக்கு நடுவே கொடுங்கை வரி. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு திறப்பு. ஊரார் அதைச் 'சீனக் கோபுரம்' என்றார்கள். யார் கட்டியது என்பதே மறந்துபோயிருந்தது.

1867-இல், இயேசு சபைப் பாதிரிமார் கல்லூரிக் கட்டடத்துக்காக அரசின் அனுமதியோடு அதை இடித்தார்கள். அந்த வட்டாரத்து மண்ணிலிருந்து 1856 தொடங்கிக் கிடைத்த சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகளில் பல இன்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. கோபுரம் நின்ற இடத்தில் கோபுரம் இல்லை.

"அது அந்தக் காலம்" என்று சொல்லிவிட முடியவில்லை. 2013-இல் நம் பூஜாங் பள்ளத்தாக்கில், ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானதாகக் கருதப்பட்ட சண்டி 11, வீடமைப்பு நிலத்துக்காக இடிக்கப்பட்டது. விஷயம் வெளியே தெரிந்தபோது அங்கே இடிபாடு மட்டுமே இருந்தது.

எலியட் அன்று எழுதி வைக்காமல் போயிருந்தால், அந்தக் கோபுரத்தின் வடிவம்கூட நமக்குத் தெரிந்திருக்காது. அந்த எண்ணத்தோடு, கிள்ளானில் எங்கள் வட்டாரத்துப் பழைய கோயில்களையும் கடைவீடுகளையும் படமெடுக்கத் தொடங்கியிருக்கிறேன். யார் கட்டினார்கள், எப்போது என்று பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். இதுவரை ஏழு இடங்கள். மூன்றுக்கு யாரிடமும் பதில் இல்லை.

உங்கள் ஊரிலும் அப்படி ஒரு கட்டடம் இருக்கும். தெரிந்தவர்கள் இருக்கும்போதே போய்க் கேளுங்கள்.