ஒரு கட்டம், ஒரு குடும்பம்... பழைய மேப்பில் மறைந்திருக்கும் மாட்டுப் பண்ணைகளின் கதை!

மொபைலில் மேப்பைத் திறந்து, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தின் வடக்குப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணுக்கு எட்டியவரை புல் மூடிய மணல் மேடுகள்தான். 'சேண்ட்ஹில்ஸ்' என்று பெயர். மாடு வளர்ப்பதுதான் இங்கே பிழைப்பு. இங்குள்ள செர்ரி கவுன்ட்டியின் பரப்பளவு 15,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். மக்கள்தொகையோ சுமார் 5,500தான்!

மொபைலில் வெறுமையாகத் தெரியும் இதே இடம், அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் பழைய மேப்களில் பேச ஆரம்பித்துவிடுகிறது. பழுப்புக் கோடுகள் மேட்டின் உயரத்தைச் சொல்லும். நீலம் என்றால் குளம், ஓடை. கறுப்புப் புள்ளி வீடு. அதற்கடுத்து, திரும்பத் திரும்பக் கண்ணில் படும் ஒரு வார்த்தை 'விண்ட்மில்'.

இது கரன்ட் எடுக்கும் காற்றாலை அல்ல. நிலத்தடி நீரை இறைத்துத் தொட்டியில் கொட்டும் காற்றாடி. தண்ணீரைத் தேடி மாடுகள் வெகுதூரம் நடந்தால் இளைத்துவிடும். அதனால்தான் மேய்ச்சல் நிலமெங்கும் காற்றாடிகள். பண்ணைக்காரருக்கு மேப்பில் ரோட்டைவிட இதுதான் முக்கியம்.

அந்த மேப்களில் சிவப்புக் கோடுகளால் ஆன கட்டங்களும் உண்டு. ஒரு கட்டம் என்பது ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு சோகம் இருக்கிறது.

1862-ல் வந்த சட்டம், குடியேறும் குடும்பத்துக்கு 160 ஏக்கர் தந்தது. மணல் பூமியில் அது எந்த மூலைக்கு? 1904-ல் வந்த கின்கெய்டு சட்டம் அதை 640 ஏக்கராக உயர்த்தியது. கிட்டத்தட்ட ஒரு கட்டத்துக்கு ஒரு குடும்பம்! நம்பி வந்தார்கள், உழுதார்கள். புல் வேர் போனதும் மணல் பறந்தது. பலர் பெரிய பண்ணைக்காரர்களிடம் நிலத்தை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள்.

இந்தப் பகுதியின் விரிவான மேப்களில் பெரும்பாலானவை அதற்குப் பல வருடங்கள் கழித்தே வந்தன. ஆகவே, பல கட்டங்களில் வீடே இல்லை. காற்றாடி மட்டும் நிற்கிறது. (பிற்காலப் பதிப்புகளில் ஊதா நிறம் தெரிந்தால், அது விமானப் படத்தைப் பார்த்துச் சேர்த்தது. நேரில் போய்ச் சரிபார்க்காதது!)

1884 முதல் 2006 வரையிலான இந்த மேப்களை 'டோபோவியூ' தளத்தில் இலவசமாகவே டவுன்லோடு செய்யலாம். கொள்ளுத்தாத்தாவின் நிலத்தைத் தேடுகிற குடும்பங்களுக்கு இது புதையல். அரசு கொடுத்த பட்டாவில் கட்டத்தின் எண் இருக்கும். அதே எண் மேப்பிலும் அச்சாகியிருக்கும். இரண்டையும் பொருத்தி, விரலால் பெரிதாக்கினால் போதும். ஒரு கறுப்புப் புள்ளி தெரியலாம். இல்லையென்றால், வெறும் பழுப்புக் கோடுகள்.