விளக்கில் எண்ணெய் இருக்கிறதா?

கைப்பேசி இல்லாத குடும்பம் இன்று நம் பங்குகளில் அரிது. விடுதியில் தங்கிப் படிக்கும் மகளின் குரலும், வளைகுடா நாட்டில் உழைக்கும் தந்தையின் முகமும், மருத்துவமனையில் இருக்கும் பாட்டியைப் பற்றிய செய்தியும் அந்தச் சிறு கருவியின் வழியாகவே வீடு வந்து சேர்கின்றன. ஆனால் மின்சாரம் நின்று, கருவியிலுள்ள மின்கலமும் தீர்ந்துவிட்டால், அது கையில் இருந்தும் பயனில்லை. அந்த வேளைக்கு உதவவே பவர் பேங்க் என்னும் சேமிப்புக் கருவி வந்தது. அது பல வீடுகளில் இருக்கிறது. வேண்டிய வேளையில் அது கைகொடுக்கிறதா என்பதே கேள்வி. அதை எவ்வாறு பயன்படுத்துவது, எவ்வாறு பேணுவது, பழுது நேர்ந்தால் என் செய்வது என்பவற்றை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நலம்.

புயல் கற்பித்த பாடம்

2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிமுனைக்கு அருகே கடந்து சென்றது. ஆழ்கடலில் இருந்த மீனவரைப் பற்றிய செய்திக்காகக் கரையோரக் குடும்பங்கள் நாள்கணக்கில் காத்துக் கிடந்தன. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, ஊர்கள் இருளில் மூழ்கியிருந்த நாள்கள் அவை. மறு ஆண்டு, 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில், கஜாப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பல சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்காயிற்று.

இத்தகைய நாள்களில் கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழப்பதுண்டு. ஆயின் அவை சீரடையும் அந்த நேரத்தில் நம் கருவி விழித்திருக்க வேண்டுமன்றோ? "நான் நலமாக இருக்கிறேன்" என்னும் ஒரு சொல், காத்திருக்கும் தாய்க்கு எத்துணைப் பெரிய ஆறுதல்!

உள்ளே இருப்பது என்ன?

பவர் பேங்க் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை; சேமித்ததையே திருப்பித் தருகிறது. இவ்வுண்மையை மனத்திற்கொண்டால் பாதிக் குறைகள் விளங்கிவிடும். அதனுள்ளே லித்தியம் அயனி மின்கலங்கள் உள்ளன. இவை 1991ஆம் ஆண்டில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன. இவற்றை உருவாக்கியதற்காகவே ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. மின்கலங்களோடு ஒரு சிறு மின்சுற்றும் உள்ளே இருக்கிறது. மின்கலம் தரும் ஏறத்தாழ 3.7 வோல்ட்டைக் கைப்பேசிக்கேற்ற 5 வோல்ட்டாக உயர்த்துவது அதன் ஒரு பணி. அளவுக்கு மிஞ்சி நிரம்பாமலும், அடியோடு வடிந்துவிடாமலும், மின்குறுக்கு நேராமலும் காப்பது அதன் மற்றொரு பணி.

பத்தாயிரத்தின் கணக்கு

"பத்தாயிரம் என்று எழுதியிருக்கிறது, என் கைப்பேசியோ ஐயாயிரம். இருமுறை நிரம்ப வேண்டியது ஒன்றரை முறைதானே நிரம்புகிறது! கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?" என்று கேட்போர் பலர். கணக்கைப் பார்ப்போம். பெட்டியின்மேல் எழுதியுள்ள 10,000 மில்லி ஆம்பியர் மணி என்பது உள்ளிருக்கும் மின்கலத்தின் 3.7 வோல்ட்டைக் கொண்டு சொல்லப்படுவது. இரண்டையும் பெருக்கினால் 37 வாட் மணி ஆற்றல் கிடைக்கும். 5,000 மில்லி ஆம்பியர் மணிக் கைப்பேசி நிரம்ப ஏறத்தாழ 19 வாட் மணி தேவை. வோல்ட்டை உயர்த்தும்போதும், கைப்பேசிக்குள் ஏறும்போதும் ஒரு பகுதி வெப்பமாகக் கழிந்துவிடும். ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு எண்ணெய் ஊற்றும்போது கொஞ்சம் ஒட்டிக்கொள்வதில்லையா? அதுபோலத்தான். ஆகவே ஒன்றரை முறை நிரம்புவதே நேர்மையான கணக்கு.

நிரம்பும் காலத்தையும் இதே கணக்கால் அறியலாம். 10 வாட் தரும் சார்ஜரில் இணைத்தால், பத்தாயிரம் அளவுள்ள பவர் பேங்க் நிரம்ப ஐந்து மணி நேரமளவு ஆகும். பழைய கைப்பேசியோடு வந்த 5 வாட் சார்ஜரில் இணைத்தால் அதைப்போல் இரு மடங்கு நேரம் பிடிக்கும். இருபதாயிரம் அளவுள்ளதற்கு மேலும் இரு மடங்கு. இது பழுதன்று, குழாய் சிறிதாயிருந்தால் தொட்டி நிரம்ப நேரமாகிறது, அவ்வளவே.

வாங்கும்போது

இந்தியாவில் விற்கப்படும் பவர் பேங்க் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அதன்மேல் தரக்குறியும், "ஆர்" என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் உள்ளனவா என்று பாருங்கள். அந்த எண் மெய்யானதுதானா என்பதை அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் என்னும் கைப்பேசிச் செயலியில் சரிபார்க்கலாம். எடையும் ஒரு சாட்சியே. பத்தாயிரம் அளவுள்ளது பொதுவாக 200 கிராமை ஒட்டியிருக்கும். ஐம்பதாயிரம் என்று எழுதப்பட்டு, கையில் எடுத்தால் இறகுபோல் இருக்குமாயின், அந்த எழுத்தை நம்ப வேண்டாம். மலிவு கருதி அத்தகையதை வாங்குவது சிக்கனமாகாது.

நாள்தோறும் பேணும் முறை

வெப்பமே மின்கலத்தின் முதற்பகை. வெயிலில் நிற்கும் காருக்குள்ளும், அடுப்பருகிலும், சன்னலோர வெயிலிலும் பவர் பேங்க்கை வைத்தலாகாது. தலையணையின் கீழோ, மெத்தையின்மேலோ வைத்து மின்னேற்றுவதும் தவறு. வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகும். சாவிக்கொத்து, நாணயங்கள் ஆகியவற்றோடு ஒரே பையில் போட வேண்டாம். பவர் பேங்க்கைச் சுவரில் இணைத்துக்கொண்டே அதிலிருந்து கைப்பேசிக்கும் மின்னேற்றுவதைத் தயாரிப்பாளரின் குறிப்பேடு இசைந்தாலன்றிச் செய்ய வேண்டாம்.

பயன்படுத்தாமல் வைத்திருக்கும் காலத்தில் முழுவதும் நிரப்பியோ முழுவதும் வடியவிட்டோ வைப்பதைவிட, பாதிக்குச் சற்று மேலாக நிரப்பி, குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் வைப்பதே மேல். சும்மா இருந்தாலும் அது மெல்ல மெல்ல வடியும். ஆகவே மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முதல் வெள்ளிக்கிழமைத் திருப்பலிக்குச் சென்று திரும்பும் குடும்பத்துக்கு அந்நாளே நல்ல நினைவூட்டல். புயல் எச்சரிக்கை வந்தாலும், வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் புறப்பட்டாலும், முதல் நாள் இரவே முழுமையாக நிரப்பிவிடுங்கள்.

பழுது நேர்ந்தால்

கைப்பேசிக்கு மின்னேறவில்லையெனில், முதலில் பவர் பேங்க்கின் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். பலவற்றில் அழுத்தினாலன்றி மின்சாரம் வெளிவராது. விளக்கு எரிந்தும் ஏறவில்லையெனில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பவர் பேங்க் கெட்டுவிட்டது என்று கருதப்படும்போது பெரும்பாலும் குற்றவாளி கேபிளே. அதுவும் நன்றாயிருப்பின் கைப்பேசியின் துளையைப் பாருங்கள். சட்டைப் பையின் பஞ்சும் தூசியும் அங்கே அடைந்திருக்கும். கருவியை அணைத்துவிட்டு, உலர்ந்த மரப் பல்குச்சியால் மெதுவாக எடுத்துவிடலாம். ஊசியும் குண்டூசியும் வேண்டாம்.

விளக்கே எரியவில்லையெனில் அது அடியோடு வடிந்திருக்கலாம். நல்ல சார்ஜரில் இணைத்துச் சில மணி நேரம் பொறுத்திருங்கள். மின்குறுக்கு போன்ற காரணத்தால் பாதுகாப்புச் சுற்று தானே மூடிக்கொண்டிருந்தாலும், இவ்வாறு சுவர் மின்சாரத்தோடு இணைத்ததும் பல கருவிகளில் அது மீண்டும் திறந்துகொள்ளும்.

காதில் அணியும் சிறு கருவியை இணைத்தால் சற்று நேரத்தில் நின்றுவிடுகிறதா? அது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவாதலால், யாதும் இணைக்கப்படவில்லை என்றெண்ணிப் பவர் பேங்க் தூங்கிவிடுகிறது. சிலவற்றில் பொத்தானை இருமுறை அழுத்தினால் குறைந்த மின்சாரத்துக்கான முறைக்கு மாறும், குறிப்பேட்டைப் பாருங்கள்.

முன்பு ஒன்றரை முறை நிரப்பியது இப்போது அரை முறையே நிரப்புகிறதெனில் அது முதுமை. சில நூறு முறை நிரம்பி வடிந்த பின்னர் மின்கலத்தின் கொள்ளளவு குறைவது இயல்பு. அதற்கு மருந்தில்லை; மாற்றுவதே வழி.

இங்கே சிக்கனம் பாராதீர்

இளஞ்சூடு இயல்பானது. கையில் வைத்திருக்க இயலாத சூடு, இனிப்புக் கலந்த இரசாயன வாடை, கசிவு, எல்லாவற்றுக்கும் மேலாக உப்பிய வயிறு ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். மின்கலத்துக்குள் வாயு பிறந்துவிட்டது என்பதே உப்பியதன் பொருள். "இன்னும் வேலை செய்கிறதே" என்று அதை வைத்திருப்போர் உண்டு. குழந்தைகள் உறங்கும் அறையில் அத்தகைய ஒன்றை மின்னேற்ற விடுவது விளையாட்டன்று. உடனே இணைப்பை எடுத்துவிடுங்கள். துளையிடவோ அழுத்தவோ திறந்து பார்க்கவோ வேண்டாம். வெயிலும் மழையும் படாத, எரியும் பொருள் அருகில் இல்லாத சிமெண்டுத் தரையில் வையுங்கள். பின்னர் மின்னணுக் கழிவு பெறும் நிலையத்தில் ஒப்படையுங்கள். வீட்டுக் குப்பையோடு போட்டால், குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கக்கூடும். காயமடைபவர் நம் தெருவைத் தூய்மை செய்யும் பணியாளர். நம் வீட்டு ஆபத்தை ஏழைச் சகோதரர் கையில் ஒப்படைப்பது பிறரன்பாகுமா?

தீப்பற்றியேவிட்டால், எட்டி நின்று, மின்னிணைப்பைத் துண்டித்து, தண்ணீரை ஏராளமாக ஊற்றிக் குளிர்விக்கலாம். புகை நச்சுத்தன்மை உடையது, அதைச் சுவாசிக்கலாகாது. தீ பெருகினால் அனைவரையும் வெளியேற்றி 101 அல்லது 112 என்னும் எண்ணை அழையுங்கள்.

வானூர்திப் பயணத்தில் பவர் பேங்க்கைக் கைப்பையில் மட்டுமே கொண்டுசெல்லலாம். சரக்குப் பெட்டியில் வைத்தல் கூடாது. அனுமதி கேளாமல் கொண்டுசெல்லக்கூடிய உச்ச அளவு 100 வாட் மணி, அதாவது ஏறத்தாழ 27,000 மில்லி ஆம்பியர் மணி. விமானத்தில் அதைப் பயன்படுத்துவது குறித்து ஒவ்வொரு நிறுவனத்தின் விதியையும் முன்னரே கேட்டறிக. 2025 ஜனவரி 28ஆம் நாள் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படவிருந்த வானூர்தி ஒன்று தீக்கிரையானது. அதில் இருந்தோர் அனைவரும் உயிர் தப்பினர். தீ பவர் பேங்க் ஒன்றிலிருந்து தோன்றியிருக்கக்கூடும் என்று விசாரணையாளர் தெரிவித்தனர். உள்ளங்கையளவே உள்ள பொருளை அற்பமாக எண்ணலாகாது என்பதற்கு இது போதாதா?

பகிர்வதற்கென்றே ஒரு சேமிப்பு

மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் கூறிய பத்துக் கன்னியர் உவமையை நாம் அறிவோம். பத்துப் பேரிடமும் விளக்குகள் இருந்தன. ஐவரிடம் மட்டுமே போதிய எண்ணெய் இருந்தது. விளக்கை வைத்திருப்பது வேறு, ஆயத்தமாயிருப்பது வேறு. அங்கே எண்ணெயைப் பகிர்ந்துகொள்ள இயலாமற் போயிற்று. அருள்வாழ்வில் ஒருவருக்காக மற்றொருவர் ஆயத்தமாக இயலாது. ஆனால் நம் வீட்டு அலமாரியில் இருக்கும் இந்தச் சிறு சேமிப்போ பகிர்ந்துகொள்ளக்கூடியது.

மின்சாரம் நின்ற இரவில், அடுத்த வீட்டில் தனித்திருக்கும் முதியவருக்கு வெளியூரிலுள்ள மகனோடு பேச ஒரு கைப்பேசி உயிர்பெற வேண்டும். அதற்குச் சிறிது நேர மின்னேற்றமே போதும். அதை மனமுவந்து கொடுக்க விரும்புவோர் நம்மிடையே பலர். ஆயின் விருப்பம் மட்டும் போதாது. கொடுப்பதற்குக் கையில் இருக்கவும் வேண்டும். ஐப்பசி பிறந்து வானம் கறுக்குமுன், அலமாரியில் இருக்கும் பவர் பேங்க்கை எடுத்து, உப்பியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, பொத்தானை அழுத்தி, எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். குறைந்திருந்தால் இன்று மாலையே நிரப்புங்கள்.